இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையே: சர்க்கரை நோயாளிகளுக்கான ஓர் ஆண்டுப் பரிசோதனைத் தொகுப்பு

சர்க்கரை நோய்க்கென்றே தனி மருத்துவமனை என்பது சென்னைக்குப் புதிதல்ல. பேராசிரியர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் அவர் நிறுவிய பொது மருத்துவமனை 1971இல் சர்க்கரை நோய்க்கென்றே தனி மருத்துவமனையானது. இன்று நகரத்தின் எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஒரு சர்க்கரை நோய் மையம் கண்ணில் படுகிறது. இங்கே நான் எழுதப் போவது தென்சென்னையில் உள்ள நடுத்தர அளவிலான ஒரு மையம் தரும் 'ஆண்டுப் பரிசோதனைத் தொகுப்பு' பற்றி. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சுட்டிக்காட்டும் குறை அந்த ஒரு மையத்தோடு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெயர் தெரியாமலேயே இதைப் படிப்பவர்கள் தாங்கள் போகும் இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

தொகுப்பின் கட்டணம் ஐந்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்பும் சர்க்கரை அளவு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு வகைகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், இசிஜி, விழித்திரைப் படம், பாதப் பரிசோதனை ஆகியவற்றோடு உணவு ஆலோசகரும் இறுதியில் மருத்துவரும் இதில் அடக்கம். ஐம்பதைத் தாண்டிய, பத்தாண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரையோடும் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்த ரத்தக் கொதிப்போடும் காலம் தள்ளும் ஆண் என்ற நிலையிலிருந்துதான் இதை மதிப்பிடுகிறேன்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் காத்திருப்பு அதிகம் இல்லை. டோக்கன் முறை ஒழுங்காக நடக்கிறது. கீழ்த்தளத்தில் உள்ள சிற்றுண்டிச் சாலையில் இட்லியும் பொங்கலும் கிடைக்கின்றன. வழக்கமாக உண்பதை உண்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்து வரவேண்டும் என்று செவிலியர் தெளிவாகவே சொல்கிறார். ஆனாலும் பக்கத்து மேசையில் இருந்தவர் ஓர் இட்லியோடு எழுந்துவிட்டார். வீட்டில் நாலு இட்லிக்குக் குறைந்து எழுந்திருக்காத மனிதர் என்பதை அவருடைய மனைவி அங்கேயே சொல்லிக்காட்டிவிட்டார்.

இந்தத் தொகுப்பில் கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பு உள்ள இடம் பாதப் பரிசோதனை அறை. செருப்பைக் கழற்றச் சொல்லி, முதலில் விரலிடுக்குகளையும் குதிகால் வெடிப்புகளையும் விளக்கொளியில் பார்த்தார்கள். பிறகு ஒரு கைப்பிடியின் நுனியில் பொருத்திய நைலான் இழையை எடுத்துக்கொண்டு, "கண்ணை மூடிக்குங்க சார், படுறது தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க" என்று அந்தப் பெண் ஊழியர் சொன்னார். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. அந்த அழுத்தத்தைப் பாதம் உணரவில்லை என்றால், முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாமல் போகும் அளவுக்குப் பாதுகாப்பு உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். அடுத்து பயோதீசியோமீட்டர் என்ற கருவியின் அதிரும் முனையைக் கட்டைவிரலில் வைத்து, அதிர்வு எந்த எண்ணில் தெரியத் தொடங்குகிறது என்று குறித்தார்கள். இருபத்தைந்து வோல்ட்டுக்கு மேல் போனால் புண் வருவதற்கான வாய்ப்பு அதிகம். எனக்கு வலது பாதத்தைவிட இடது பாதத்தில் எண் சற்றுக் கூடுதலாக இருந்தது. கணினியில் அதைப் பதிந்துவிட்டு அடுத்தவரை அழைக்காமல், நான் போட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்துப் புரட்டி, தேய்ந்திருந்த குதிப் பகுதியைக் காட்டி, என்ன மாதிரி அடிப்பாகம் வேண்டும் என்று விளக்கினார். இவ்வளவு பொறுமையான பத்து நிமிடங்கள் நகரத்தில் எளிதில் கிடைப்பதில்லை.

கண் பிரிவும் நன்றாகவே இருந்தது. கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். இரு சக்கர வண்டியில் வந்தவர்கள் திரும்பிப் போகும்போது திண்டாடுவதைப் பார்த்தேன். நேரம் குறித்துக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு, இத்தொகுப்பை வடிவமைத்தவர்களின் கணக்கில் ஆண் உடம்பு கண்ணில் தொடங்கி, நெஞ்சுக்கு இறங்கி, சிறுநீரகத்தைத் தொட்டு, அங்கிருந்து நேரே பாதத்துக்குத் தாவிவிடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையே ஒன்றுமே இல்லை. நிரப்பித் தரச் சொன்ன படிவத்தில் புகை, மது, தூக்கம், குடும்ப வரலாறு எல்லாம் உண்டு. தாம்பத்திய உறவில் சிரமம் உண்டா, சிறுநீர் தடைபடுகிறதா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்ற கேள்விகள் இல்லை. மருத்துவரும் கேட்கவில்லை. பெண்களுக்கான தொகுப்பில் மார்பகப் பரிசோதனையும் கருப்பை வாய்ப் பரிசோதனையும் முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இது கூச்சத்தை மதிக்கும் நாகரிகம் என்று யாராவது வாதிடலாம். மருத்துவக் காரணம் அதற்கு எதிராக இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகமாகவும் சில ஆண்டுகள் முன்னதாகவும் வருகிறது. நரம்பும் ரத்தக் குழாயும் ஒருசேரக் கெடுவதே காரணம். ஆணுறுப்புக்குச் செல்லும் தமனிகளின் குறுக்களவு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். இதயத் தமனிகளுடையது மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர். ஒரே அளவு அடைப்பு சிறிய குழாயில்தான் முதலில் தெரியவரும் என்பதால், இந்தக் குறைபாடு பலருக்கு நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தலைகாட்டுகிறது. இசிஜி எடுக்கத் தனி அறை ஒதுக்கிய மையம், அதற்கு முன்பே எச்சரிக்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதில் என்ன நாகரிகம் இருக்கிறது? அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளே ஆண் நோயாளிகளிடம் இதைக் கேட்டறிய வேண்டும் என்றும், அறிகுறி இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் காலை நேர அளவைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன.

மருத்துவர் கேட்காத இந்தக் கேள்வியைக் கேட்க வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலில் நின்றுகொண்டு போகிறவருக்குத் தெரியும், கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்கும் 'ஆண்மைக் குறைவா?' என்ற சிறு சுவரொட்டிகளை. லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒரு முறை வந்து போகும் 'பரம்பரை வைத்தியர்'களுக்கும் நள்ளிரவுத் தொலைக்காட்சி லேகியங்களுக்கும் வாடிக்கையாளர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். மூலிகை என்று விற்கப்படும் சில மருந்துகளில், விறைப்புக் குறைபாட்டுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் சில்டெனாஃபில் கலந்திருப்பது பல நாடுகளின் ஆய்வகங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதை அறியாமல் விழுங்கினால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். சர்க்கரை நோயாளிகளில் இதயக் கோளாறும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பது அந்த மையத்துக்குத் தெரியாததல்ல.

மருந்துச் சீட்டிலும் இதே மௌனம்தான். எனக்கு மெட்ஃபார்மினோடு டாபாக்ளிஃப்ளோசினும் எழுதப்பட்டிருக்கிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்து அது என்பதில் ஐயமில்லை. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் ஆணுறுப்பின் முன்தோலில் பூஞ்சைத் தொற்று வரலாம்; தினமும் கழுவி ஈரமில்லாமல் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம், வந்தாலும் களிம்பில் சரியாகும். அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய இச்செய்தியை மருத்துவரோ மருந்தாளுநரோ சொல்லவில்லை. அரிப்பு வந்ததும் மனைவியிடமும் சொல்லாமல் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்ட ஒருவரை நான் அறிவேன். அடுத்த முறை எச்பிஏ1சி ஏறியதற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு முழுக்க மாம்பழத்தின் தலையில் விழுந்தது.

பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் பரிசோதனையைக் கூடுதல் கட்டணத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வரவேற்பு மேசையிலேயே, பலர் காதுபடக் கேட்டார்கள். எதற்காக என்று சொல்வாரில்லை. சிறுநீர்த் தொற்றிலும் வயதோடு வரும் சாதாரண வீக்கத்திலும்கூட இந்த எண் உயரும் என்பதால், விளக்கம் இல்லாமல் கையில் கொடுத்தால் வீண் பீதிதான் மிஞ்சும். ஐம்பதைக் கடந்தவருக்கு இரவில் சிறுநீர் அடிக்கடி வந்தால் அது சர்க்கரையாலா, புராஸ்டேட்டாலா, நரம்பு தளர்ந்த சிறுநீர்ப் பையாலா என்று பிரித்தறிய, எண்ணுக்கு முன்னால் நாலு கேள்வி தேவை. இந்த மையத்தில் அந்த வசதி இல்லை. சிறுநீரியல் மருத்துவரும் இல்லை. பரிந்துரைக் கடிதம் கேட்டால் தருகிறார்கள்.

மருந்துக் கடை பற்றி ஒரு வார்த்தை. மையத்தின் வளாகத்திலேயே கடை இருக்கிறது. அங்கேதான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சீட்டில் மருந்தின் மூலப்பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். டாபாக்ளிஃப்ளோசின் வகையைச் சேர்ந்த எம்பாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்த பிறகு, மாத்திரை ஒன்று அறுபது ரூபாய் அளவில் விற்ற மருந்து பல நிறுவனங்களின் பெயரில் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு வந்துவிட்டது. வளாகக் கடையில் பழைய விலைப் பெயரையே முதலில் எடுத்து வைக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் தமிழகம் முழுவதும் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களையும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களையும் ஒருமுறை விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது.

பாதத்துக்கும் கண்ணுக்கும் இந்தத் தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மற்றதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், மருத்துவர் எழுந்திருக்கும் முன் மேசையில் வையுங்கள். கூட வருபவரை அந்த ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லக் கேட்டால் மறுப்பதில்லை. நான் கேட்டபோது கதவைச் சாத்திவிட்டு, மருத்துவர் அதுவரை பேசாத அளவு விரிவாகவே பேசினார்.