பைக்காராவில் செல்லாத 500 ரூபாய்

ஊட்டி மலை ஏற வாங்கும் இ-பாஸ், கல்லாறு கொண்டை ஊசி வளைவுகள், பர்லியாறு பலாச்சுளை எல்லாம் வழக்கம்போல முடிந்தன, எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது ஊட்டியைத் தாண்டி, கூடலூர் சாலையில் இருக்கும் பைக்காரா அருவியின் டிக்கெட் கவுன்டர்.

500 ரூபாய்த் தாளை நீட்டினேன். உள்ளே இருந்தவர் அதைத் தொடக்கூட இல்லை. "சில்லறை இல்லை சார், ஃபோனில் போடுங்கள்" என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையை விரலால் தட்டினார். என் ஃபோனில் இருப்பது ஜெர்மன் எண், யுபிஐ கிடையாது. அக்கா மகன் தன் ஃபோனை எடுத்தால் சிக்னல் இல்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மரத்தடிவரை நடந்து பார்த்தான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. வெளியே டீக்கடையிலும் சோளக்கடையிலும் அதே அட்டை, அதே பதில்.

ஸ்டுட்கார்ட்டில் கழிப்பறைக்கும் ரொட்டிக் கடைக்கும் வேண்டுமே என்று பர்ஸ் கனக்கச் சில்லறை சுமக்கிறவன் நான். நம் ஊர் முன்னேறிவிட்டதில் பெருமைதான். அதற்காக ரிசர்வ் வங்கி அச்சடித்த தாளை ஒரு கவுன்டர் வாங்காதென்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? அந்தக் காலத்துக் கூடலூர் பஸ் கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதிக் கொடுப்பார். இறங்கும்போது தேடிப்பிடித்து வாங்குவோம்.

கடைசியில் வழிவிட்டவர் கேரட் விற்கும் ஓர் அம்மா. சுருக்குப்பையை அவிழ்த்து, எட்டாக மடித்த பத்து ரூபாய்த் தாள்களைப் பிரித்து எண்ணி, "போய்ப் பார்த்துவிட்டு வா தம்பி, வரும்போது கொடு" என்றார். ஊர் பெயர் எதுவும் கேட்கவில்லை. ஜெர்மனியில் பக்கத்து வீட்டுக்காரர்கூட இப்படித் தரமாட்டார்.

அருவியா? இருந்தது. முக்கூர்த்தி மலைப் பக்கம் பிறந்து வருகிற ஆறு. 1932 முதல் மின்சாரத்துக்கும் உழைப்பதால் அணையில் விட்டால்தான் அருவிக்கு உடம்பு. அன்று பாறை தெரிய மெலிந்து விழுந்தது. முன்பு இறங்கிக் கால் நனைத்த இடத்தை இப்போது கம்பிக்கு இப்பால் நின்றுதான் பார்க்க வேண்டும். வழுக்குப் பாறை, சரிதான்; இருந்தாலும் மனம் கேட்கவில்லை.

திரும்பி வந்து கேரட்டும் வாங்கிக்கொண்டு அதே தாளை நீட்டினேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கூடைக்கு அடியிலிருந்து ஒரு க்யூஆர் அட்டையை எடுத்தார். நல்லவேளை, அதற்குள் சிக்னல் ஒரு கோடு வந்திருந்தது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கோவையிலேயே பத்தும் இருபதுமாக மாற்றிக்கொண்டு மலை ஏறுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் கீழேயே விட்டுவிடுங்கள். சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.