கசப்பு சோதனை ஸ்ட்ரிப் கிட்: ஸ்ட்ரிப்பை நம்பலாம், டயட் அட்டையை நம்ப வேண்டாம்

நாலு குப்பி, குப்பிக்கு 100 காகித ஸ்ட்ரிப். கூடவே ஒரு மதிப்பெண் அட்டையும், ‘உங்கள் நாக்குக்கேற்ற டயட்’ என்று ஒரு வண்ண அட்டையும். குப்பிகளில் ஒன்று மருந்து தடவாத வெறும் காகிதம். மற்றவை பிடிசி (சிலருக்குக் கசக்கும், சிலருக்குச் சுவையே தெரியாத ஒரு வேதிப்பொருள்), தயோயூரியா, சோடியம் பென்சோயேட். நிஜமாக வேலைக்கு ஆவது வெறும் காகிதமும் பிடிசியும்தான். தயோயூரியா குப்பியைத் திறக்கவே வேண்டாம். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கும் பொருள் அது. பிடிசி சொல்வதற்கு மேல் புதிதாக அது எதுவும் சொல்லப்போவதும் இல்லை.

பிடிசியின் கதை 1931-இல் டூபான்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் தொடங்கியது. அங்கே வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் கையாண்ட பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு வாய் கசந்தது, ஃபாக்ஸுக்கு எதுவுமே தெரியவில்லை. இந்த வித்தியாசத்துக்கான மரபணு, நாக்கில் கசப்பை உணரும் ஓர் ஏற்பியை உருவாக்கும் டிஏஎஸ்2ஆர்38 என்று 2003-இல் கண்டுபிடித்தார்கள். அதில் பிஏவி, ஏவிஐ என்று இரண்டு முக்கிய வடிவங்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டும் ஏவிஐயாக வந்தவருக்குப் பெரும்பாலும் பிடிசியும் வெறும் காகிதமும் ஒன்றுதான்.

சோதனை கெடுவது அவசரத்தால். ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி, புகை, பற்பசை எதுவும் கூடாது. வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு முதலில் வெறும் காகிதத்தை வையுங்கள். காகிதத்துக்கே ஒரு சுவை உண்டு. அது தெரியாதவர் அதையே ‘லேசான கசப்பு’ என்று எழுதிவிடுவார். பிறகு பிடிசி. நுனிநாக்கில் ஒட்டியதும் எடுத்துவிடாதீர்கள். உலர்ந்த நாக்கில் மருந்து கரையாது. எச்சிலில் நன்றாக நனைந்து பின்நாக்குவரை பரவ அரை நிமிடமாவது வேண்டும். கசப்பு மெதுவாக ஏறி, ஏறியபின் இறங்கவும் மறுக்கும். அதனால் அடுத்த ஸ்ட்ரிப்புக்கு முன் மறுபடி கொப்பளித்து, சுவை முழுக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

மதிப்பெண் அட்டை 1 முதல் 5 வரைதான். இது பெரிய குறை. ஒருவர் ‘ரொம்பக் கசப்பு’ என்பதும் இன்னொருவர் சொல்வதும் ஒரே அளவு இல்லை. சுவை ஆய்வாளர் லிண்டா பார்டோஷக் பல ஆண்டுகள் வலியுறுத்தியது இதைத்தான். ஒரு தாளில் 100 மில்லிமீட்டர் கோடு போடுங்கள். 6-இல் ‘லேசு’, 17-இல் ‘மிதம்’, 35-இல் ‘கடுமை’, 53-இல் ‘மிகக் கடுமை’, 100-இல் ‘வாழ்க்கையில் எந்த விதத்திலும் உணரக்கூடிய உச்சம்’ என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த உச்சம் சுவையாகவே இருக்க வேண்டியதில்லை, வெளிச்சமாகவோ வலியாகவோகூட இருக்கலாம். இப்படிக் குறித்தால்தான் இருவர் போடும் எண்களை ஒப்பிட முடியும்.

நீல உணவுச் சாயம் தடவி நாக்கைப் பார்க்கும் வழியும் அட்டையில் இருக்கிறது. 6 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் சாயம் ஏறாமல் இளஞ்சிவப்பாக நிற்கும் புடைப்புகளை எண்ண வேண்டும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ‘புடைப்பு அதிகமென்றால் சூப்பர்டேஸ்டர்’, அதாவது சுவையை மற்றவர்களைவிடக் கூர்மையாக உணர்பவர், என்று அட்டை போடும் தீர்ப்பு பழையது. டென்வர் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், புடைப்பு எண்ணிக்கைக்கும் கசப்பு உணர்வுக்கும் தொடர்பு தென்படவில்லை.

இனி அந்த டயட் அட்டை. கசப்பு தெரிந்தவருக்கு ஒரு பட்டியல், தெரியாதவருக்கு வேறொன்று, பக்கத்திலேயே ‘உங்கள் மெட்டபாலிச வகை’. முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி குடும்பத்துக் கசப்புப் பொருள்களும் இதே ஏற்பியைத் தொடுகின்றன என்பது சரி. அதனால் சிலருக்கு அவை கூடுதலாகக் கசக்கும். ஆனால் உடல் எடையோடு இதை இணைத்துப் பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒரே ஓர் ஏற்பியைத் தொட்டுப் பார்க்கும் காகிதம் சர்க்கரையை உடல் எப்படிக் கையாள்கிறது என்பதைச் சொல்லவே முடியாது. இதைப் பார்த்து யாரும் உணவை மாற்றிவிடக் கூடாது.

வகுப்பில் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வீட்டில் அப்பா, அம்மாவுக்குப் போட்டுப் பார்த்து வரச்சொல்லாதீர்கள். முடிவு முழுக்க ஒரே மரபணுவில் இல்லை. பெற்றோர் இருவருக்கும் கசக்காமல் குழந்தைக்குக் கசந்தால் வீட்டில் தேவையில்லாத கேள்வி எழும். பிடிசி அதிக அளவில் நஞ்சு என்பதால், ஆளுக்கு ஒரு ஸ்ட்ரிப் போதும்; குப்பி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

மூடியை இறுக்கி ஈரம் படாமல் வையுங்கள். ஒரு குழுவில் யாருக்குமே கசக்கவில்லை என்றால், ஏற்கெனவே கசப்பு தெரியும் என்று உறுதியானவரிடம் அதே குப்பியிலிருந்து ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அவருக்கும் கசக்காவிட்டால் குறை ஸ்ட்ரிப்பில்தான்.