சோலார் போடும் முன் ஹெச்.ஓ.ஏ அனுமதிக் கடிதம் உங்கள் கையில் இருக்கட்டும்: டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை

டாலஸ், பிளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கம் ஹெச்.ஓ.ஏ (வீட்டு உரிமையாளர் அசோசியேஷன்) உள்ள குடியிருப்பில் வீடு வைத்திருப்பவர்கள், சோலார் கம்பெனியோடு கையெழுத்துப் போடும் யோசனையில் இருந்தால் இதை முதலில் படித்துவிடுங்கள். எங்களுக்குக் குறைந்தது 9,300 டாலர் வரிச்சலுகை கைநழுவிப் போனது. பேனல்கள் நன்றாகவே வேலை செய்கின்றன, டெக்சஸ் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோளாறு முழுக்கக் காகித வேலையில். கம்பெனியின் பெயரையோ எங்கள் அசோசியேஷனின் பெயரையோ எழுதப் போவதில்லை, வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக் கூரையில் சொந்தமாக சோலார் போட்டால் செலவில் 30 சதவீதத்தை மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை 2032 வரை இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் அதை 2025 டிசம்பர் 31-ஓடு முடித்துவிட்டது. அந்த மாதத்திலிருந்தே எங்கள் பகுதியில் சோலார் விற்பனையாளர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். எங்களைப் பிடித்தவர் கதவைத் தட்டி வரவில்லை. ஆகஸ்ட்டில் ஓர் இந்திய விழாவில் ஸ்டால் போட்டிருந்தார். தமிழர், மதுரைப் பக்கம். "அண்ணா, நம்ம ஆளுங்களுக்குன்னா நான் கமிஷனே பாக்க மாட்டேன்" என்று ஆரம்பித்தார். அடுத்த வாரமே டேப்லெட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

26 பேனல், ஏறத்தாழ 11 கிலோவாட். ரொக்கமாகக் கொடுத்தால் 31,000 டாலர், கடனில் 41,000, வட்டி 3.99 சதவீதம். இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வருகிறது என்று என் மனைவி கேட்டாள். "அது பேங்க் ஃபீ அக்கா, இவ்வளவு கம்மி வட்டி வேற எங்கயும் கிடைக்காது" என்றார். இதற்கு டீலர் ஃபீ என்று பெயர். வட்டியைக் குறைத்துக் காட்டிவிட்டு, அந்த வித்தியாசத்தை அசலிலேயே ஏற்றிவிடுவது. இப்படி ஏற்றும் கட்டணம் பல சமயம் ரொக்க விலையைவிட 30 சதவீதம், அதற்கும் மேலே போகிறது என்று மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஆகஸ்ட்டிலேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

வரிச்சலுகையை அவர் 41,000-க்கு 30 சதவீதம் என்று கணக்குப் போட்டு 12,300 என்று காட்டினார். கடன் வாங்கும் கட்டணத்துக்கும் வட்டிக்கும் அந்தச் சலுகை பொருந்தாது, 31,000-க்குத்தான் என்று எங்கள் சி.பி.ஏ (வரிக் கணக்காளர்) பிற்பாடு சொன்னார். கடன் ஒப்பந்தமோ அந்த 12,300-ஐ நம்பியே எழுதப்பட்டிருக்கிறது. மாதத் தவணை 151 டாலர். பதினெட்டாம் மாதத்துக்குள் 12,300 டாலரைக் கொண்டுவந்து கட்டாவிட்டால் தவணை 220-ஐத் தாண்டிவிடும்.

இன்னொரு வாக்குறுதி, கரண்ட் பில் பூஜ்யமாகிவிடும் என்பது. டெக்சஸில் மாநிலம் முழுவதற்கும் கட்டாய நெட் மீட்டரிங் (நாம் திருப்பித் தரும் மின்சாரத்தை வாங்கியதிலிருந்து அப்படியே கழிப்பது) கிடையாது. மிச்ச மின்சாரத்தை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பது நீங்கள் மின்சாரம் வாங்கும் கம்பெனியின் பைபேக் திட்டத்தைப் பொறுத்தது, கம்பி இழுத்துத் தரும் ஆன்கோருக்கான டெலிவரிக் கட்டணம் தனி. அது இருக்கட்டும், பில் விஷயத்தில் நாங்கள் பெரிய எதிர்பார்ப்பு வைக்கவில்லை.

ஹெச்.ஓ.ஏ விஷயத்தைக் கேட்டபோது அவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "டெக்சஸ்ல ஹெச்.ஓ.ஏ சோலாரைத் தடுக்கவே முடியாது அண்ணா. சட்டமே இருக்கு. அப்ளிகேஷன் எல்லாம் நாங்களே போட்டு அப்ரூவல் வாங்கிடுவோம், நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்." இதையே வாட்ஸாப்பிலும் எழுதி அனுப்பினார்.

சட்டம் இருப்பது உண்மை. டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 202.010 பிரிவு, 2011-இல் வந்தது. அசோசியேஷன் சோலாரை ஒரேயடியாகத் தடைசெய்ய முடியாது என்று அது சொல்கிறது. ஆனால் எந்தெந்த நிலையில் தடுக்கலாம் என்றும் அதே பிரிவு வரிசையாகச் சொல்கிறது. முன் அனுமதி வாங்காமல் பொருத்தியிருந்தால் தடுக்கலாம். கூரையின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலோ, கூரையின் சரிவோடு ஒட்டாமல் தூக்கலாக நின்றாலோ தடுக்கலாம். சட்டகமும் வெளியே தெரியும் குழாய்களும் வெள்ளி, வெண்கலம், கறுப்பு இந்த நிறங்களில் இல்லாவிட்டால் தடுக்கலாம். கூரையில் எந்தப் பக்கம் போடவேண்டும் என்றுகூட அசோசியேஷன் சொல்லலாம். நீங்கள் கேட்கும் இடத்தில் ஆண்டு உற்பத்தி 10 சதவீதத்துக்கு மேல் கூடும் என்று என்ரெல் (மத்திய அரசின் ஆற்றல் ஆய்வகம், 2025 டிசம்பரில் அதன் பெயர் மாறிவிட்டது) தரும் பொதுக் கணிப்புக் கருவியில் காட்டினால் மட்டும் அந்தக் கட்டளை செல்லாது. இதில் ஒன்றையும் அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை.

செப்டம்பரில் கையெழுத்தானது. கம்பெனி ஆப்பில் ஒவ்வொரு கட்டமாகப் பச்சை டிக் விழுந்துகொண்டே வந்தது: வரைபடம், நகராட்சி பெர்மிட், ஹெச்.ஓ.ஏ. நவம்பரில் ஆட்கள் வந்து, தெருவைப் பார்த்த தெற்குக் கூரையில் பேனலைத் தாங்கும் சட்டங்களைப் பொருத்தி, பாதிப் பேனலையும் ஏற்றி, முன்பக்கச் சுவரில் வயர் போகும் வெள்ளைக் குழாயை இறக்கிவிட்டார்கள். அசோசியேஷனின் நிர்வாக அலுவலகத்திலிருந்து விதிமீறல் கடிதம் வந்தது. அனுமதியில்லாத கட்டுமானம், உடனே நிறுத்தவும், அபராதம் விதிக்கப்படலாம். வந்திருந்த ஆட்கள் சப் கான்ட்ராக்டர்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேலையை நிறுத்தச் சொன்னேன்.

அலுவலகத்துக்கு நேரில் போய் எங்கள் வீட்டு ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. கம்பெனி விண்ணப்பம் போட்டிருந்தது, ஆனால் தொடர்பு மின்னஞ்சல் என்ற இடத்தில் எங்களுடையதை எழுதாமல் தங்களுடையதை எழுதியிருந்தார்கள். வீட்டு உரிமையாளர் கையெழுத்து இல்லை. குழாய் எந்த வழியாகப் போகும், என்ன நிறம் என்ற விவரம் இல்லை. "விண்ணப்பம் முழுமையாக இல்லை, இவற்றை அனுப்பவும்" என்று அலுவலகம் அனுப்பிய பதில் அந்த மின்னஞ்சலுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே யாரும் திறந்தே பார்க்கவில்லை போலிருக்கிறது. ஆப்பில் இருந்த பச்சை டிக்கை விரலால் அழுத்தினால்தான் அதன் விளக்கம் தெரிகிறது: 'சமர்ப்பிக்கப்பட்டது'. அனுமதி கிடைத்தது என்று அர்த்தமில்லையாம்.

ஸ்டாலில் பார்த்த தம்பியைக் கூப்பிட்டால், "நான் சேல்ஸ் மட்டும்தான் அண்ணா, ஆபரேஷன்ஸ் டீம்ல பேசுங்க." ஆபரேஷன்ஸ் டீமோ ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் இருந்த ஒரு வரியை எடுத்து அனுப்பியது: ஹெச்.ஓ.ஏ அனுமதி வாடிக்கையாளரின் பொறுப்பு, கம்பெனி விண்ணப்பம் அனுப்புவது ஓர் உதவி மட்டுமே.

இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று விண்ணப்பத்தை நானே எடுத்துக்கொண்டேன். முதலில் கிடைத்தது மறுப்பு: பேனல்களைப் பின்பக்கக் கூரைக்கு மாற்றவும். எங்கள் வீட்டின் பின்பக்கம் வடக்கு. இங்கே டெக்சஸ் சட்டம் உண்மையிலேயே கைகொடுத்தது. 40 வீடுகளுக்கு மேல் உள்ள அசோசியேஷன் ஒரு விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தையும், என்ன மாற்றினால் ஒப்புக்கொள்வோம் என்பதையும் எழுத்தில் தரவேண்டும். 30 நாளுக்குள் நாம் கேட்டால் நிர்வாகக் குழு நேரில் விசாரணை வைக்க வேண்டும். 2021-இல் வந்த திருத்தம் அது. கேட்டேன்.

பிவிவாட்ஸ் என்பதுதான் அந்த என்ரெல் கருவி. இலவசம், முகவரியையும் கூரையின் சாய்வையும் திசையையும் கொடுத்தால் ஆண்டு உற்பத்தியைச் சொல்லிவிடும். தெற்குக்கு ஒன்று, வடக்குக்கு ஒன்று அச்செடுத்தேன். வித்தியாசம் 10 சதவீத வரம்பைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. ஒட்டியுள்ள வீட்டுக்காரர்கள் எல்லோரும் எழுத்தில் சம்மதித்தால், சோலார் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்ற காரணத்தை அசோசியேஷன் சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்றும் அதே 202.010 பிரிவில் இருக்கிறது. அதனால் வீடு வீடாகப் போனேன். வலதுபக்க வீட்டுப் பெரியவர் பேனலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, எங்கள் மரக்கிளை அவர் வேலி மேல் சாய்வதைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கிளையை வெட்டிவிட்டோம்.

விசாரணை கால் மணி நேரத்தில் முடிந்தது. குழுவில் இருந்தவர்கள் மோசமானவர்கள் இல்லை. முதலிலேயே இந்தக் காகிதங்கள் வந்திருந்தால் நவம்பருக்கு முன்பே அனுமதி கொடுத்திருப்போம் என்றார்கள், நம்புகிறேன். முன்சுவர்க் குழாயை உள்ளே மாற்ற வேண்டும், சட்டகம் கறுப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு டிசம்பர் நடுவில் கடிதம் கைக்கு வந்தது.

அன்றே கம்பெனிக்கு அனுப்பினேன். ஆண்டுக் கடைசிக்குள் முடிக்கவேண்டிய வீடுகள் நிறைய, ஆட்கள் இல்லை என்றார்கள். ஜனவரியில்தான் வந்தார்கள். நகராட்சியின் இறுதிச் சோதனையும் ஜனவரியில். இதற்கிடையே நவம்பரில் பாதிக் கூரையைப் படம் எடுத்து அனுப்பி, கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து பெரும்பங்குப் பணத்தைக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் அவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

அடுத்துச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், பலருக்கு இதே ஆலோசனை கிடைத்திருக்கக்கூடும். "2025-லயே கான்ட்ராக்ட் போட்டாச்சு, பணமும் போயிடுச்சு, அதனால 2025 டாக்ஸ்ல கிளெய்ம் பண்ணலாம் அண்ணா" என்றார் அதே தம்பி. கூடாது. இந்தச் சலுகையில், பொருத்தும் வேலை முடிந்த நாளில்தான் செலவு நடந்ததாகக் கணக்கு. பணம் கட்டிய தேதிக்கு மதிப்பில்லை என்று வரித்துறையான ஐ.ஆர்.எஸ் தன் கேள்வி பதிலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சி.பி.ஏ மறுத்துவிட்டார் என்றதும், நிறைவுச் சான்றிதழில் டிசம்பர் 30 என்று தேதி போட்டுத் தருகிறோம் என்றார்கள். "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க." நகராட்சிப் பதிவில் ஜனவரி என்று இருக்கிறது, வரிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நான். பிடிபட்டால் அபராதம் அவர்கள் வீட்டுக்கு வராது.

இனி செய்யப்போகிறவர்களுக்கு. வீட்டுக்கு வந்து விற்ற ஒப்பந்தத்தை மூன்று வேலை நாளுக்குள் ரத்துசெய்ய மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி உரிமை தருகிறது. அந்த மூன்று நாளில் உங்கள் ஹெச்.ஓ.ஏ அலுவலகத்தைக் கூப்பிட்டு, சோலாருக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சல் இருக்கட்டும். அனுமதிக் கடிதம் வரும்வரை ஆட்கள் கூரையில் ஏறக்கூடாது, கடைசி மின் அனுமதி வரும்வரை பெரும்பங்குப் பணம் போகக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டோம் என்றால் அப்போதே தெரிந்துவிடும் அவர்கள் யார் என்று. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் சுலபம். அங்கே 45 நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். டெக்சஸ்காரர்கள் அதை இங்கே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வரிச்சலுகை போனபின் இப்போது அதே ஆட்கள் லீஸ் விற்கிறார்கள். பேனல் கம்பெனிக்குச் சொந்தம், சலுகை அவர்களுக்கு, உங்களுக்கு மாதக் கட்டணம். அந்தக் கட்டணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்பதையும், வீட்டை விற்கும்போது வாங்குபவர் லீஸை ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கேட்காமல் போடாதீர்கள். ஹெச்.ஓ.ஏ அனுமதி அதற்கும் வேண்டும்.

எங்கள் கதை இன்னும் முடியவில்லை. டெக்சஸ் நுகர்வோர் ஏமாற்றுத் தடுப்புச் சட்டப்படி, வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுத்தாயிற்று. "நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்" என்ற அந்த வாட்ஸாப் செய்திதான் எங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் என்கிறார் வக்கீல். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் தனியாகக் கடிதம் போயிருக்கிறது. விற்றவன்மேல் நமக்குள்ள வழக்கை அந்தக் கடனை வைத்திருப்பவர்மேலும் கொண்டுபோகலாம் என்ற ஹோல்டர் வாசகம் எங்கள் கடன் பத்திரத்தில் இருக்கிறது, உங்களுடையதிலும் தேடிப் பாருங்கள். கம்பெனி இதுவரை 1,500 டாலர் தருவதாகச் சொல்லியிருக்கிறது, இதைப் பற்றி எங்கும் எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு. வேண்டாம் என்று பதில் அனுப்பிவிட்டோம்.