வருஷத்துக்கு ஒரு வான்கோழி, அதற்கு எந்த டிரே?

நவம்பர் நான்காவது வியாழன், அதாவது தேங்க்ஸ்கிவிங் நெருங்கினால் போதும், அமெரிக்கக் கடைகளில் ரோஸ்டிங் பேன்கள், அதாவது முழு வான்கோழியை ஓவனில் சுடும் பெரிய டிரேக்கள், குவிந்துவிடும். சில டாலரிலும் கிடைக்கிறது, சில நூறு டாலரிலும் கிடைக்கிறது. தேங்க்ஸ்கிவிங்குக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் வெளியே வரும் பாத்திரத்துக்கு எவ்வளவு போடலாம்?

ரொம்ப மலிவு அலுமினிய ஃபாயில் டிரே. முதல் இரண்டு வருஷம் நானும் அதில்தான் ஓட்டினேன், கழுவும் வேலை இல்லை பாருங்கள். இரண்டாம் வருஷம் 14 பவுண்டு வான்கோழியை வெளியே இழுக்கும்போது டிரே நடுவில் மடங்கி, கொதிக்கும் கொழுப்பு ஓவன் கதவில் வழிந்து வீடெல்லாம் புகை. அடியில் ஒரு பேக்கிங் ஷீட்டைக் கொடுத்துத் தூக்கியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனாலும் ஃபாயில் டிரேயை அடுப்பில் ஏற்றி, அடியில் தங்கிய சாற்றில் கிரேவி கிண்ட முடியாது.

அடுத்தது கிரானைட் வேர் மாதிரி எனாமல் பூசிய புள்ளி போட்ட பாத்திரம். மலிவு, எடையும் குறைவு, மூடியும் உண்டு. மூடியே வைத்திருந்தால் பறவை ஆவியில் வெந்து தோல் தொளதொளவென்று ஆகிவிடும், அதனால் கடைசியில் திறந்துவிட வேண்டும். தகடு மெலிசு என்பதால் அடுப்பில் சீக்கிரம் கருகும்.

நான்ஸ்டிக் வேண்டாம். கறுப்பு அடியில் பிடித்திருப்பது பொன்னிறமா கருகலா என்றே தெரியாது, பறவையை உட்கார வைக்கும் கம்பி ரேக் வேறு கீறும்.

சரி, ஸ்டீல். நடுவில் அலுமினிய அடுக்கு உள்ளதாக, 16க்கு 13 அங்குலத்தில், நிமிர்ந்து நிற்கும் கைப்பிடியோடு பாருங்கள். மடங்கும் கைப்பிடியைத் தடித்த கையுறையோடு பிடிப்பது பெரும்பாடு. வான்கோழியின் உள்சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும் பறவையை எடுத்து வைத்துவிட்டு, அதே பேனை இரண்டு பர்னர் மேல் ஏற்றி, கொஞ்சம் ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு) ஊற்றி அடியில் பிடித்ததைச் சுரண்டினால் கிரேவிக்கு வரும் ருசியே தனி. மற்ற மாதங்களில் நான் இதில் ஃபாயில் மூடி பிரியாணிக்குத் தம் போடுகிறேன், அதனால் போட்ட காசு எனக்கு வலிக்கவில்லை.

பிரியாணியும் போடமாட்டீர்கள், கிரேவியும் பெரிதில்லை என்றால் இதையும் விடுங்கள். 18க்கு 13 அங்குல ஹாஃப் ஷீட் பேன் என்ற தட்டையான பேக்கிங் தட்டு ஒன்றும் அதில் உட்காரும் கம்பி ரேக்கும் வாங்கி, வான்கோழியின் முதுகெலும்பை வெட்டியெடுத்து விரித்து வையுங்கள். விளிம்பு ஒரு அங்குலம்தான், அதனால் சூடு எல்லாப் பக்கமும் பட்டு சீக்கிரம் வேகும், தோலும் மொறுமொறுவென்று வரும். விலையும் ஸ்டீலை விட எவ்வளவோ குறைவு. கொழுப்பு நிறைய சேர்ந்தால் தளும்பும், அது ஒன்றுதான் தொல்லை. மற்ற நாளில் காலிஃப்ளவர், உருளைக்கிழங்கு என்று வாரம் தவறாமல் உழைக்கும்.

எதை வாங்கினாலும் முதலில் ஓவனின் உள் அகலத்தை அளந்துவிடுங்கள், கடையில் 16 அங்குலம் என்பார்கள், கைப்பிடி அந்தக் கணக்கில் வராது. அப்படியே சிங்க்கையும் அளந்துவிடுங்கள், நான் இன்றைக்கும் என் ஸ்டீல் பேனைக் குளியல் தொட்டியில் வைத்துத்தான் கழுவுகிறேன்.