இடியம் தேட எந்த அகராதி? கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர்

ஆங்கில இடியங்களுக்கு, அதாவது மரபுத்தொடர்களுக்கு, 'நூறு இடியம், நூறு பொருள்' என்று சுற்றிவரும் பட்டியல்களை ஓரங்கட்டிவிடலாம். பொருள் தெரிவது பாதி வேலைதான். யாரிடம் சொல்லலாம், தொடரில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது மீதிப் பாதி. அதைச் சொல்பவை அகராதிகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மூன்றை இடியத்துக்காக மட்டும் எடைபோட்டால், முதலிடம் கேம்பிரிட்ஜுக்கு.

அதில் முழு இடியத்தையும் தேடுபெட்டியில் தட்டினால் அதற்கென்றே தனிப்பக்கம் திறக்கும். 'புல்ட் மை லெக்' என்று தேடாமல், மூல வடிவமான 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்றே தேடுங்கள். விளையாட்டுக்கு ஒன்றை நம்பவைத்துக் கலாய்ப்பது என்று எளிய சொற்களில் விளக்கம் வரும். இதை நம்மில் பலர் 'காலை வாருவது' என்று எடுத்துக்கொள்கிறோம். கூட இருந்தே கவிழ்ப்பது எங்கே, கலாய்ப்பது எங்கே! மாறாக, 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்' அப்படியே நம் 'கைகழுவுதல்'. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' நிலவைச் சொன்னாலும் பொருளில் அத்தி பூத்தாற்போலதான். படம் ஒத்திருக்கிறது என்பதற்காகப் பொருளும் ஒத்திருக்கும் என்று நம்பக்கூடாது, அவ்வளவுதான்.

கேம்பிரிட்ஜின் உண்மையான பலம், விளக்கத்துக்கு முன்னால் சிறிய எழுத்தில் நிற்கும் குறிப்புகள்: 'இன்ஃபார்மல்', 'ஹியூமரஸ்', 'ஓல்ட்-ஃபேஷன்ட்', 'யூகே', 'யூஎஸ்'. அவசரத்தில் கண் இவற்றைத் தாண்டிவிடும். 'கிக் த பக்கெட்' என்றால் இறப்பது என்று மட்டும் படித்தவர் அதை இரங்கல் கடிதத்தில் எழுதிவிடுவார். தமிழில் 'மண்டையைப் போட்டார்' என்று எழுதியதற்குச் சமம். 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டோ கொட்டென்று கொட்டுவது) எல்லாப் பட்டியலிலும் தவறாமல் வரும். இன்றைய பேச்சில் அது கொஞ்சம் பழைய வாடை.

இன்னொரு சிறிய விஷயம், பெரிய பிழை. தலைப்பில் 'யுவர்' என்று இருந்தால் அது எழுவாய்க்கு ஏற்ப மாறும்: 'கீப் யுவர் ஃபிங்கர்ஸ் க்ராஸ்ட்' (நல்லபடியாக நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பது) என்பது 'ஷி கெப்ட் ஹெர் ஃபிங்கர்ஸ் க்ராஸ்ட்' ஆகும். 'சம்ஒன்ஸ்' என்று இருந்தால் அது வேறொருவருடையது. 'ஐ புல்ட் மை லெக்' என்று எழுதுவது இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான்.

ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியில் இடியங்கள் பெரும்பாலும் முதல் முக்கியச் சொல்லின் கீழ் அடங்கியிருக்கும். 'ஸ்பில் த பீன்ஸ்' (ரகசியத்தைப் போட்டு உடைப்பது) வேண்டுமானால் 'ஸ்பில்' பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போக வேண்டும். 'லெட்' போன்ற மிகப் பொதுவான வினைகளுக்கு விலக்கு உண்டு. கிட்டத்தட்ட அதே பொருளுள்ள 'லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்' இருப்பது 'கேட்' பக்கத்தில். கைப்பேசியில் இந்த உருட்டல் எரிச்சலூட்டும். ஆனால் சில இடியங்களுக்குப் பிறந்த கதையும் தருவது இங்கே கூடுதல் லாபம்.

இரண்டிலுமே ஒரு குறை: எந்த இடியம் வளையும், எது வளையாது என்று நேரடியாகச் சொல்வதில்லை. 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று செயப்பாட்டுவினையில் சொல்லலாம். 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரோ உண்மையிலேயே வாளியை உதைத்ததாகிவிடும். 'த' என்பதை 'எ' ஆக்கினாலும் அதே கதி. எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். அவற்றில் இல்லாத வடிவத்தைத் துணிந்து எழுதாமலிருப்பது பாதுகாப்பு.

மெரியம்-வெப்ஸ்டர் அமெரிக்க வழக்குக்கு. அற்ப விஷயத்துக்குப் பெரிய அமளி என்பதற்குப் பிரிட்டனில் 'ஸ்டார்ம் இன் எ டீகப்', அமெரிக்காவில் 'டெம்பெஸ்ட் இன் எ டீபாட்'. கண்பட்டுவிடக்கூடாது என்று சொல்லப் பிரிட்டனில் 'டச் வுட்', அமெரிக்காவில் 'நாக் ஆன் வுட்'. மறைத்துவைத்த அவமானத்தைக் குறிக்கும் எலும்புக்கூடு ('ஸ்கெலிட்டன்') பிரிட்டனில் 'கப்போர்டு'க்குள், அமெரிக்காவில் 'க்ளாசெட்'டுக்குள். அமெரிக்க வாசகருக்கு எழுதுபவர் இதையும் ஒரு தாவலில் திறந்து வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு கேம்பிரிட்ஜ் போதும்.