பிரஷர் பார்க்க எது நம்பகம்: கடையா, வாட்ச்சா, வீட்டுக் கருவியா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு (மண்டலப் புற்றுநோய் மையம்) போய்ப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள், அடுத்த செக்கப் வரை ஊரிலேயே ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுனிடினிப், பசோபனிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகள் தொடங்கிய சில வாரங்களிலேயே அழுத்தத்தை ஏற்றக்கூடும். அபிராடெரோன் அழுத்தத்தை ஏற்றுவதோடு பொட்டாசியத்தையும் குறைக்கலாம். இப்ரூட்டினிப் நாடித்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம்.

மருந்துக்கடையில் பார்ப்பது செலவு குறைந்த வழிதான். ஆனால் நெரிசல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ஒரு கட்டன் சாயாவும் (பாலில்லாத தேநீர்) குடித்த கையோடு கையை நீட்டினால், கிடைக்கும் எண் மாத்திரையின் விளைவா, பயணத்தின் விளைவா என்று பிரித்தறிய முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பார்ப்பது இதைவிட மேல். எனினும் அது தினசரிக் கணக்குக்கு ஈடாகாது.

என் தேர்வு, மேற்கையில் பட்டை சுற்றும் தானியங்கிக் கருவி. கைச்சுற்றளவுக்குப் பொருந்தும் பட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும். பட்டை சிறியதாக இருந்தால் எண் கூடிக் காட்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்தபின், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் குறிக்க வேண்டும். (நல்ல எண்ணை மட்டும் எழுதிவைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.) உயர் அழுத்தத்துக்கு மருத்துவமனையில் 140/90 எல்லை என்றால், வீட்டில் அதற்கு நிகரானது 135/85. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை (நெறிக்கட்டிகளை) அகற்றியவர்கள், கைவீக்கத்தைக் கருதி, மறுகையில் அளப்பதே வழக்கம். இருபுறமும் அறுவை நடந்திருந்தால் எங்கே அளப்பது என்பதை மருத்துவரிடமே கேட்க வேண்டும். நாடி தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கு இந்தக் கருவியும் பிசகலாம் என்பதால், மணிக்கட்டில் விரல் வைத்து முழு 60 விநாடி எண்ணுவது நல்லது.

மணிக்கட்டில் கட்டும் பிரஷர் கருவி, கையை நெஞ்சு உயரத்தில் பிடிக்காவிட்டால் தவறான எண்ணைக் காட்டும். ஸ்மார்ட் வாட்ச், ஓய்வில் இருக்கும்போது துடிப்பை அறியப் போதும். அது காட்டும் பிரஷரை வைத்து மாத்திரையைக் கூட்டுவதோ நிறுத்துவதோ கூடாது.

எந்தக் கருவியானாலும், எண் 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கடுமையான தலைவலியோ சேர்ந்தால், செக்கப் தேதிக்குக் காத்திராமல் அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்; எழுதிவைத்த நோட்டையும் மாத்திரைச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.