தூங்கா நகரமா, கோயில் நகரமா?

மதுரைக்குப் பட்டப்பெயர்கள் பல. புழக்கத்தில் முந்தி நிற்பவை இந்த இரண்டும்தான்.

'கோயில் நகரம்' ஊரின் வரைபடத்தைச் சொல்கிறது. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரிகின்றன. ஆடி வீதி மதிலுக்கு உள்ளே. சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். 1840களில் கோட்டையை இடித்தபோது உருவானவை வெளி வீதிகள். ஒவ்வொரு வீதிக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என நாலு பக்கம் உண்டு. வெறுமனே 'மாசி வீதி' என்று சொல்லி ஆட்டோ ஏறினால் எதிர்ப்பக்கத்தில் இறங்கி நடக்க வேண்டியதுதான். ஆனால் இந்தப் பெயரில் மதுரைக்குத் தனியுரிமை கிடையாது. கும்பகோணமும் காஞ்சிபுரமும் பங்குக்கு வரும்.

'தூங்கா நகரம்' அப்படியல்ல, தமிழ்நாட்டில் மதுரையைத்தான் குறிக்கும். பழமையிலும் சளைத்ததில்லை: சங்க நூலான மதுரைக்காஞ்சியிலேயே பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி. இன்று அந்த அல்லங்காடியின் வாரிசு கறிதோசைக் கல். கனமாக ஊற்றிய மாவின்மேல் முட்டை, அதன்மேல் மட்டன் கறி, பிறகு ஒரு திருப்பல். கறியில் குழம்பு அதிகமானால் திருப்பும்போது சரிந்துவிடும். சுண்ட வற்றியிருக்க வேண்டும்.

பெயரை நம்பி எந்தத் தெருவுக்கும் போய்விடக் கூடாது. ஜவுளிக்கடை வீதிகள் இரவில் அடைத்துத்தான் கிடக்கும். நள்ளிரவுக்கு மேல் விழித்திருப்பவை பேருந்து நிலையங்களும் ரயிலடியும் அவற்றை ஒட்டிய கடைகளும்தான்.